உன் பெயருக்கும் ஒரு தாள்

மூதூர்

அன்புள்ள மகளுக்கு,

ஃபார்கோவுக்கு டிக்கெட் போட்டாச்சென்று அக்கா சொன்னா. குளிரைப் பற்றி எல்லாரும் சொல்லிப் பயமுறுத்தியிருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன். காணிக் கந்தோரில் வேலை செய்து கிழவியானவள் நான். எந்தக் கதையைக் கேட்டாலும் "ஆருடைய பெயரில்?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். நீ போகிற வட டக்கோட்டாவின் சரித்திரத்தையும் அந்தக் கண்ணோடுதான் வாசித்தேன்.

அந்த மண்ணை உடைத்துக் கோதுமை விதைத்தவர்களில் ஒரு பெருங்கூட்டம் ரஷ்யாவிலிருந்து வந்த ஜெர்மன்காரர். 1763இல் கத்தரீன் பேரரசி காணி தருகிறேன், படைக்குப் பிடிக்கமாட்டேன் என்று கூப்பிட, முதலில் வொல்கா கரைக்கும் பிறகு கருங்கடல் பக்கத்துக்கும் போனவர்களின் வாரிசுகள். 1871இல் அந்தச் சலுகைகள் போயின, 1874இல் கட்டாயப் படைச்சேவை வந்தது. மூட்டை கட்டிவிட்டார்கள். ரஷ்யாவில் நூறு வருசம் இருந்தும் ஜெர்மன்காரர். அமெரிக்காவில் இறங்கியதும் ரஷ்யாக்காரர்!

எங்களுக்கு இது புதினமில்லை. 1964இல் எங்கள் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு ஐந்தேகால் லட்சம் மலையகச் சனத்தை இந்தியாவுக்கென்று பிரித்தார்களே, அவர்கள் இங்கே இருந்தவரை இந்தியாக்காரர். கோத்தகிரியிலும் கூடலூரிலும் போய்க் கொழுந்து பறித்தபோது சிலோன்காரர். உன்னையும் அங்கே ஏதாவது சொல்லிக் கூப்பிடுவார்கள். திருத்திக்கொண்டிருந்து நேரத்தை வீணாக்காதே. கவனிக்க வேண்டியது வேறு.

டக்கோட்டாவில் அந்தப் பெண்கள் செய்த வேலையைப் பார். விறகுக்கு மரமில்லாத வெட்டவெளி. மாட்டுச் சாணத்தை வைக்கோலோடு சேர்த்து மிதித்து, கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து, அதை எரித்துத்தான் மாரியைக் கடத்தினார்கள். பாலும் வெண்ணெயும் முட்டையும் அவர்கள் கைவேலை. தோட்டமும் பிள்ளைப்பேறும் அறுவடையும் போதாதென்று இதுவும். ஆனால் காணி? 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி 160 ஏக்கர் கேட்டு, ஐந்து வருசம் குடியிருந்து பயிர் செய்தால் சொந்தம். இருபத்தொரு வயதான கல்யாணமாகாத பெண் தன் பெயரில் கேட்கலாம், விதவையும் கேட்கலாம். புருசனோடு வாழ்கிறவள் கேட்க ஏலாது. குடியுரிமையும் அப்படித்தான்: 1922வரை புருசன் அமெரிக்கன் ஆனால் அவளும் அமெரிக்கத்தி. தனியாக அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

புருசன்மார் எல்லாரும் கெட்டவர்களா என்ன? சட்டம் அப்படி எழுதியிருந்தது, அவ்வளவுதான். எங்கள் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும், அரசாங்கக் காணிக்குப் பெர்மிட் வாங்கினவர் வாரிசைப் பதியாமல் செத்தால் பிள்ளைகளுக்குள் மகனைத்தான் முன்னுக்கு நிறுத்தியது. அதைத் திருத்த 2022 ஆனது. வேடிக்கை என்னவென்றால், கிழக்கில் வீடு வளவு மகளுக்குச் சீதனமாகப் போவதுதான் எங்கள் வழக்கம், தமிழரென்றாலும் சோனகரென்றாலும். ஆனால் அரசாங்கக் கடதாசியில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் ஆம்பிளையின் பெயரை எழுதியே பழகிவிட்டோம். நானும் எழுதியிருக்கிறேன்.

2006இல் சண்டைக்குப் பயந்து சம்பூர்ச் சனம் மட்டக்களப்புக்கு ஓடி, பிறகு கிளிவெட்டிப் பக்கம் முகாம்களில் கிடந்தது உனக்குத் தெரியும். 2015இலும் 2016இலும் அவர்களின் காணிகள் விடுவிக்கப்பட்டபோது, புருசனைப் பறிகொடுத்த பெண்கள் அவன் பெயரிலிருந்த பெர்மிட்டின் கிழிந்த பிரதியைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வருவார்கள். சிலருக்கு அதுவும் இல்லை. கிணறு வெட்டியதும் அவள், வேலி அடைத்ததும் அவள். அதைச் சொல்ல ஒரு தாளும் இல்லை.

இப்போது உன் விசயம். மாப்பிள்ளை தங்கமான பொடியன், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நீ போவது எஃப்-2 விசாவில், அவருடைய படிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு. அந்த விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய ஏலாது. பகுதி நேரம் படிக்கலாம். முழு நேரம் படிக்க வேண்டுமென்றால் எஃப்-1க்கு மாற வேண்டும். அதைப் போய் இறங்கிய வருசமே யோசி, பிள்ளை பிறக்கட்டும் என்று தள்ளாதே. உன் டிகிரிப் பேப்பர்களை உன் பையில் கொண்டு போ. வங்கிக் கணக்கை இரண்டு பேரின் பெயரிலும் திறக்கச் சொல். வாடகை ஒப்பந்தத்தில் நீயும் கையெழுத்துப் போடு. கார் ஓட்டப் பழகி உன் பெயரில் லைசன்ஸ் எடு. பஸ்ஸை நம்பி இருக்கக்கூடிய ஊரில்லை அது.

மாப்பிள்ளை படிக்கப் போகிற பல்கலைக்கழக நூலகத்தில் இந்த ரஷ்ய ஜெர்மன்காரருக்கென்றே ஒரு தொகுப்பு இருக்கிறது. பொழுது போகாவிட்டால் போய்ப் பார். லோரன்ஸ் வெல்க் என்று தொலைக்காட்சியில் பேரெடுத்த அக்கோர்டியன்காரர் 1903இல் ஸ்ட்ராஸ்பர்க் என்ற ஊரில் பிறந்த அந்தச் சாதிப் பிள்ளை. அமெரிக்காவிலேயே பிறந்தும் கடைசிவரை அவருடைய இங்கிலீசில் ஜெர்மன் வாடை போகவில்லை. ஆகவே உன் உச்சரிப்பை நினைத்து வெட்கப்படாதே.

பாஸ்போட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் உன் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து உடனே அறிவி. வித்தியாசமென்றால் நீ பிளேன் ஏற முன்னமே சத்தியக்கடதாசி முடித்துவிடலாம். திருகோணமலைக்குப் போக வேண்டி வந்தாலும் பரவாயில்லை, முந்தி மாதிரி லோஞ்சுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கிண்ணியாப் பாலத்தால் பஸ் ஓடுகிறது.

அன்புடன்,
சின்னம்மா