தலையில் அடிபட்டவருக்காக ஒரு சாட்சி



மதீனத்துக் கடைவீதியில் ஒரு ஸஹாபி வியாபாரம் செய்து வந்தார். அவர் ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) என்று சில அறிவிப்புகளும், அவருடைய தந்தை முன்கித் இப்னு அம்ர் (ரலி) என்று வேறு சில அறிவிப்புகளும் கூறுகின்றன. அவர் தலையில் முன்பு பலத்த காயம் பட்டிருந்தது. அதனால் நாக்குக் குழறியது. கொடுக்கல் வாங்கலில் நிதானமும் குறைந்துவிட்டது. சரக்கு விற்போர் அவரை ஏமாற்றினார்கள். ஆனாலும் வியாபாரத்தை விட அவருக்கு மனம் வரவில்லை.

குடும்பத்தார் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் சென்று, இவருடைய கொடுக்கல் வாங்கலுக்குத் தடை விதித்துவிடுங்கள் என்று முறையிட்டார்கள். ‘ஹஜ்ரு’ எனப்படும் இத்தடை ஃபிக்ஹில் உள்ளதுதான். அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவுமில்லை. பொருள் கரைகிறதே என்ற கவலை! நாயகம் (ஸல்) அவர்களும் அவரை அழைத்து, வியாபாரம் வேண்டாம் என்றே முதலில் கூறினார்கள். அவரோ, என்னால் அதை விட்டு இருக்க முடியாதே என்றார்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும். மூளை அடிபட்டவரின் பேச்சுத்தானே என்று அவர் சொல் தள்ளப்படவில்லை. வாங்கும்போது ‘லா கிலாபா’, அதாவது ஏமாற்று இருக்கக்கூடாது என்று சொல்லிவிடும்படி அவருக்குக் கற்றுக் கொடுக்கப்பட்டது. வாங்கிய பொருளை 3 இரவுகள் வரை வைத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் அளிக்கப்பட்டது. அந்த ஒரு சொல்லைக்கூட அவரால் சரியாக உச்சரிக்க முடியாமல் ‘லா கியாபா’ என்றே சொல்லி வந்ததாக முஸ்லிம் ஷரீபில் காண்கிறோம். குழறிய சொல்லுக்கும் அதே மதிப்புத்தான் இருந்தது! ஹனஃபி, ஷாஃபிஈ இமாம்கள் வியாபாரத்தில் நிபந்தனைத் தவணையை 3 நாளாக வைத்ததற்கு இந்த ஹதீது ஆதாரங்களில் ஒன்று.

அவர் உஸ்மான் (ரலி) அவர்களின் காலம்வரை வாழ்ந்தார். அப்போதும் ஏதேனும் வாங்கி வருவார். நீர் ஏமாந்துவிட்டீர் என்பார்கள் வீட்டார். திருப்பிக் கொடுக்கப் போனால் வியாபாரி மறுப்பான். அவ்வழியே செல்லும் நபித்தோழர் ஒருவர் நின்று, இவர் சொல்வது உண்மை, ரஸூலுல்லாஹ் இவருக்கு 3 நாள் உரிமை கொடுத்திருக்கிறார்கள் என்று சாட்சி சொல்வார். உரிமை கொடுத்தது நபி (ஸல்) அவர்கள். அப்படியிருந்தும் கடைவீதியில் அதை எடுத்துச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார், பாருங்கள்!

இன்று மோட்டார் சைக்கிள் விபத்திலும், கட்டட வேலையில் விழுந்தும் தலையில் அடிபட்டுப் பிழைத்தவர்கள் நம் மஹல்லாக்களில் உண்டு. தையல் பிரித்ததும் குணமாகிவிட்டார் என்று ஊர் நினைக்கிறது. மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டால் கோபமும் அவசரமும் மிகும். பெரும்பாலோருக்கு இடப்பக்கம் பாதித்தால் பேச்சுத் தடுமாறும். வெளியே தழும்பு மட்டும் தெரிவதால், நேற்றுவரை “பாய்” என்று மரியாதையாக அழைத்தவர்கள் இன்று அவரைத் திமிர் பிடித்தவர் என்கிறார்கள். இன்னும் சிலர் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். அடியினால் அறிவு முழுதும் போய்விட்டால் முழு தியத், அதாவது ஓர் உயிருக்குரிய 100 ஒட்டகங்கள் என்று ஃபுகஹாக்கள் விதித்திருக்க, நாம் அதை இழப்பாகவே எண்ணுவதில்லை.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைகளைப் பட்டியலிடுகிறது. அதில் மூளைக்காயம் என்ற தனித் தலைப்பு இல்லை. அடியினால் விளைந்த கைகால் முடக்கம், பேச்சு இழப்பு போன்றவற்றைக் காட்டியே சான்றிதழ் கோர வேண்டும். மறதியும் கோபமும் மட்டும் மிஞ்சியவர் பாடு திண்டாட்டந்தான். இதை மாற்றக் கோரும் மனுவில் ஒரு ஜமாஅத்தின் முத்திரை இருந்தால் என்ன குறைந்துவிடும்? அதே சட்டத்தின் 14ஆம் பிரிவு, பாதுகாவலர் தாமாக முடிவெடுக்காமல் அவரோடு கலந்து கூட்டாக முடிவெடுக்கும் ‘வரம்புக்குட்பட்ட பாதுகாவலர்’ முறையைச் சொல்கிறது. கடைவீதி ஸஹாபியின் வரலாறு அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

முத்தவல்லிமார்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இன்னார் கையெழுத்திடும் பத்திரம் எதுவானாலும் வீட்டார் அறிய வேண்டும் என்று கடைக்காரர்களிடமும் தரகர்களிடமும் சொல்லி வைக்கலாம். அவரைப் பள்ளிக்கு அழைத்து வரலாம். ரக்அத் எண்ணிக்கை மறப்பவருக்கு இமாமைப் பின்பற்றித் தொழுவது எவ்வளவு இலேசு! மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திற்கு விவரமறிந்த வாலிபர் ஒருவரைத் துணைக்கு அனுப்பலாம். துணை போகிறவருக்கு ஒன்று சொல்லி வைக்க வேண்டும். அங்கே அவரைக் கேள்வி கேட்டால் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடாதீர்கள். சொல் வரத் தாமதமாகும். அதிகாரியிடம், சற்றுப் பொறுங்கள், அவரே சொல்வார் என்று கூறுங்கள்.