வலைக்குள் ஒரு பழத்தோட்டம்

அமெரிக்க நாட்டின் மேலைக்கரை மாநிலமாகிய கலிபோர்னியாவில், சான் வாக்கின் என்னும் நீண்ட பள்ளத்தாக்கு பழத்தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது. இளவேனிலில் ஆங்குச் செல்வோர், ஆரஞ்சு மரங்கள் வரிசை வரிசையாக வெண்ணிற வலையால் முடிமுதல் அடிவரை மூடப்பட்டிருத்தலைக் காணலாம். பறவைகளை விலக்க இட்ட வலை என்று அவர் எண்ணக்கூடும். அஃதன்று; தேனீ புகாவண்ணம் இட்ட வலை அது! பூவைத் தேடிவரும் தேனீயை விருந்தாகவே கருதிப் பழகிய நமக்கு இது வியப்பளிக்கின்றதன்றோ?

அம்மரங்கள் மாண்டரின் என்னும் சிற்றாரஞ்சு வகையைச் சார்ந்தவை. அவற்றின் பழம் தோல் எளிதில் உரிவது, விதையற்றது. விதை எங்ஙனம் இல்லாது போகின்றது? பூந்தாது சூல்முடியில் படிந்து, நுண்ணிய குழாயாக நீண்டு, சூலகத்துட் சென்று சூலோடு கலந்தால்தான் விதை உண்டாகும். கிளமெண்டைன் என்னும் மாண்டரினோ தன் வகையின் தாதினை ஏற்பதில்லை. அக்குழாய் இடைவழியிலேயே வளர்ச்சி குன்றி நின்றுவிடும். எனினும், கருவுறாமலே காய் பருத்துக் கனியாதல் அதன் இயல்பு. ஆகவே தனித்து நிற்கும் கிளமெண்டைன் விதையில்லாக் கனியைத் தருகின்றது. மர்காட் போன்ற வேற்று வகை அண்மையில் நிற்குமாயின், அதன் தாது வந்துசேரக் கனிக்குள் விதைகள் தோன்றிவிடும். ஆரஞ்சின் பூந்தாது பிசுபிசுப்புடையது. காற்றால் நெடுந்தொலைவு செல்லாது. அதனைச் சுமந்து செல்லும் தூதுவர் தேனீக்களே.

விதை இருப்பதனால் பழத்தின் சுவை கெட்டுவிடுவதில்லை. ஆயினும், விதையில்லாப் பழம் என்றே விலைபேசும் சந்தையில் அதற்கு மதிப்புக் குன்றிவிடுகின்றது. உழவனுக்கு இது சிறு இழப்பன்று.

தேனீ வளர்ப்போரின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிப்ரவரித் திங்களில் அம்மாநிலத்து வாதுமை மரங்கள் பூக்கின்றன. தேனீ இன்றேல் வாதுமை காய்க்காது. ஆதலின் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் இலட்சக்கணக்கான தேனீப்பெட்டிகள் லாரிகளில் வந்திறங்குகின்றன. வாதுமைப் பூ உதிர்ந்தபின், அவற்றுட் பல, மணமிக்க ஆரஞ்சுத்தேனை நாடி அத்தோட்டங்களின் பக்கம் வைக்கப்படும். "பெட்டிகளை அகற்றுக" என்றனர் மாண்டரின் உழவர். "நீங்கள் மாண்டரின் நடுமுன்னரே யாங்கள் பெட்டி வைத்த இடமன்றோ இது?" என்றனர் தேனீ வளர்ப்போர். தேனீ மூன்று கிலோமீட்டருக்கு அப்பாலும் பறந்து இரைதேட வல்லது. பெட்டியை எங்குதான் கொண்டுபோய் வைப்பது? பூசல் முற்றவே, 2007-ஆம் ஆண்டில் மாநிலச் சட்டமன்றம் தலையிட்டு, இருதிறத்தாரும் ஒருங்கு வாழ வழிகாணுமாறு சட்டம் இயற்றியது.

பிறன் தொழிலைக் கெடாமல் தன் விளைவைக் காப்பதற்கு வலையே தக்க வழி என்பது என் கருத்து. ஆனால் அஃது எளிய வேலையன்று. அரும்பு மலருமுன்னரே வலையை விரித்துவிடல் வேண்டும். அதன் ஓரங்கள் நிலத்தோடு படிந்திருத்தல் வேண்டும். சிறு கிழிசல் போதும், தேனீ உட்புகுந்துவிடும். இதழ்கள் உதிர்ந்தபின் வலையைக் கழற்றிச் சுருட்டி வைப்பர். வலைக்கும் பொருள் வேண்டும், ஆளுக்கும் கூலி வேண்டும். வாதுமைக்கும் ஆப்பிளுக்கும் பூக்காலத்தில் இம்முறை ஆகாது. தேனீயைத் தடுத்தால் காயே இராது.

ரிவர்சைடு நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக அறிஞர்கள் வேறொரு வழி கண்டனர். மர்காட் வகையொன்றின் மொட்டுக்குச்சிகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, அவற்றினின்று டாங்கோ என்னும் புதிய வகையைத் தேர்ந்து 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தேனீ எத்துணை முறை வந்து சென்றாலும் டாங்கோவில் விதை பெரும்பாலும் தோன்றுவதில்லை. அதன் தாதும் அண்டைத் தோட்டத்தைக் கெடுப்பதில்லை. டாங்கோ நட்டோர்க்கு வலை வேண்டா. ஆனால், காய்த்து நிற்கும் பழைய மரங்களை ஒருநாளில் வெட்டியெறிய யார்க்கு மனம் வரும்? அவற்றையுடையோர், அரும்பு கட்டும் பருவத்தில் வலைச்சுருள்களை மீண்டும் தோட்டத்துக்குக் கொண்டுசெல்கின்றனர்.