கடன்பட்டு நாடு வாழுமா?

நம் சங்கத்தில் கடன் பெறாத உறுப்பினர் சிலரே இருப்பர். ஆயினும் அரசாங்கம் கடன் வாங்குகிறது என்று கேட்டவுடன் சிலர் அஞ்சுகின்றனர். சிலர், அது நமக்குச் சம்பந்தமில்லாத செய்தி என்று இருந்துவிடுகின்றனர். இரண்டும் தவறு. அரசின் கடனைத் தீர்ப்பது மக்கள் செலுத்தும் வரியே. ஆகவே அதன் இயல்பை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

கொல்லிமலையில் இருவர் சமமான தொகையைக் கடனாகப் பெறுவதாகக் கொள்வோம். ஒருவர் மிளகுக் கொடி நட்டுச் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றுகிறார். மூன்றாண்டுகள் பொறுத்திருந்தால், பின்னர் விளைச்சலே தவணையைக் கட்டிவிடும். மற்றவர் தம் தொகையை விருந்திலும் வீட்டுச் செலவிலும் கரைக்கிறார். மறு ஆண்டு வட்டி கட்டுவதற்கே அவர் மீண்டும் கடன் கேட்டு வருவார்.

அரசுக்கும் இவ்விதி பொருந்தும். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு மலையேறும் சாலையை எண்ணிப் பாருங்கள். அதன் வழியே மிளகும் காப்பியும் வாழையும் விரைவில் சந்தையை அடைகின்றன. வாணிபம் பெருக, வரியும் பெருகுகிறது. சாலை, பாசனம், மின்சாரம் போன்றவற்றிற்கு அளவறிந்து வாங்கும் கடன், மிளகுக் கொடியைப் போன்றது.

சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் ஆகிய அன்றாடச் செலவுகள் வருவாயை மிஞ்சுவது வருவாய்ப் பற்றாக்குறை எனப்படும். தமிழ்நாட்டில் இதனை ஒழிக்க 2003-இல் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் 2013–14 முதல் பற்றாக்குறை மீண்டும் தலைதூக்கியது. 2020–21-இல் அது 61,320 கோடி ரூபாய் என்று, 2021 ஆகஸ்டில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை கூறியது. பொதுக்கடன் குடும்பம் ஒன்றுக்கு 2,63,976 ரூபாய் எனவும் அது கணக்கிட்டது.

எனின், அன்றாடச் செலவுக்கு ஒருபோதும் கடன் கூடாதா? இங்கேதான் குடும்பமும் அரசும் வேறுபடுகின்றன. 2020-இல் பெருந்தொற்று பரவியபோது வாணிபம் முடங்கியது, வரியும் குறைந்தது. அத்தகைய காலத்தில் அரசும் கையை மூடிக்கொண்டால் தறி ஓயும், துணி தேங்கும். 1983-இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் நெசவாளர் சங்கங்களுக்கு வேலை அளித்து வருவதை நாம் அறிவோம். மந்த காலத்தில் கடன் வாங்கியேனும் இத்தகைய வேலையைக் காப்பது நன்று. ஆனால் நல்ல காலத்திலும் அதே வழக்கம் நீடித்தால், வட்டி வளர்ந்து வேலைக்கு உரிய பணத்தையே விழுங்கும்.

நோட்டு அச்சடித்துச் சமாளிக்கலாமே என்பர் சிலர். மாநில அரசுக்கு அவ்வுரிமை இல்லை. மத்திய அரசு இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் (1956–61) 1,200 கோடி ரூபாய் அளவுக்குப் பற்றாக்குறை நிதியை நம்பியிருந்தது. பொருள் பெருகாமல் பணம் மட்டும் பெருகினால் நூலும் அரிசியும் விலை ஏறும், கூலியோ பின்தங்கும். அது ஏழையின் மீது விழும் மறைமுக வரியேயாகும்.

ஆகவே, கடன் மட்டுமே ஒரு நாட்டை வாழவைக்காது. கடனால் எழும் உற்பத்தியே வாழவைக்கும். அன்றாடச் செலவை வருவாய் தாங்க வேண்டும். ஆக்கப் பணிக்குக் கடன் துணைநிற்கலாம்.

சிந்திக்க:
1. நம் சங்கம் பெற்ற கடனில் எவ்வளவு ஆக்கப் பணிக்குச் சென்றது?
2. நம் ஊரில் அரசு செய்யும் செலவுகளுள், பத்தாண்டு கழித்தும் பயன் தருவன எவை?