முயல் கறி: சத்தும் சமையலும்



முயல் வளர்ப்பில் கூண்டு, இனம், தீவனம், குட்டிப் பராமரிப்பு ஆகியவை பற்றி நிறையப் படித்திருப்பீர்கள். வளர்த்த முயலை வீட்டில் எப்படிச் சமைத்து உண்பது என்பதை யாரும் அதிகம் சொல்வதில்லை. இதனால் வரும் சங்கடம் சிறியதன்று. வாங்கிக்கொள்வதாக வாக்களித்த வியாபாரி இரண்டு மாதம் வராவிட்டால் கூண்டில் முயல்கள் பெருகிவிடுகின்றன. தீவனச் செலவு ஏறுகிறது. வீட்டிலோ அதைத் தொட ஆளில்லை. வளர்ப்பவரே உண்ணாத கறியை அண்டை வீட்டார் எப்படி வாங்குவார்கள்?

நான் உழவியல் கற்பிப்பவன். கால்நடைத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். வேலிமசாலைத் தீவனப் பயிராகப் பரப்பச் சென்ற இடத்தில்தான் முயல் எனக்கு அறிமுகமாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூரில் முயல் கறி சமைத்துக் காட்ட ஏற்பாடு செய்தோம். செலவைக் குறைக்க எண்ணி, இனப்பெருக்கத்திலிருந்து கழித்த கிழட்டு ஆண் முயல் ஒன்றை எடுத்துச் சென்றேன். ஆட்டுக்கறியைப் போல வெட்டுக்கத்தியால் கொத்தி, காய்ந்த எண்ணெயில் வறுத்தோம். கறி நார் நாராகச் சக்கையாகிவிட்டது. எலும்புச் சில்லு ஒன்று ஒரு குழந்தையின் ஈறில் குத்தியது. தாய்மார்கள் முகம் சுளித்து எழுந்து போனார்கள். முயல் வளர்க்க முன்வந்திருந்த இருவர் மறுநாளே பின்வாங்கினர். குற்றம் முயலிடம் இல்லை, என்னிடம்தான். கீழே எழுதுபவற்றில் பாதி, அந்த ஒரு நாளில் கற்றது.

என்ன சத்து இருக்கிறது?

வளர்ப்பு முயலின் பச்சைக் கறி 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம் உள்ளது. கொழுப்பு 5 முதல் 6 கிராம் வரைதான். இது சுமார் 136 கலோரி சக்தி தரும். கொழுத்த ஆட்டுக்கறியோடு ஒப்பிட்டால் புரதத்தில் குறைவில்லை, கொழுப்பு மிகக் குறைவு. உப்புச் சத்தான சோடியமும் குறைவு. நயாசின், பாஸ்பரஸ் ஆகியவை நன்றாகவே உள்ளன. பி12 என்னும் வைட்டமின், ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான அளவுக்கு மேலேயே 100 கிராம் கறியில் கிடைக்கிறது. இந்த வைட்டமின் காய்கறியிலும் தானியத்திலும் கிடைக்காது என்பதை நினைவில் கொள்ளவும்.

ஆனால் இல்லாத பெருமையைச் சேர்த்துச் சொல்ல வேண்டாம். முயல் கறியில் கொலஸ்ட்ரால் அறவே இல்லை என்று சிலர் சொல்லி விற்கிறார்கள். 100 கிராமில் 57 மில்லிகிராம் அளவில் இருக்கவே செய்கிறது. யூரிக் அமிலம் மிகுந்து மூட்டு வீங்குபவர்களும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மற்றக் கறிக்குக் கடைப்பிடிக்கும் கட்டுப்பாட்டை இதற்கும் கடைப்பிடிக்க வேண்டும். முயல் இரத்தம் கலந்த எண்ணெய் தலைமுடியை வளர்க்கும் என்று பாட்டிலில் அடைத்து விற்பவர்களைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு கிலோ கறியே வாங்கலாம்.

இன்னொன்று. வடதுருவத்தை ஒட்டிய நாடுகளில், குளிர்காலத்தில் மெலிந்த காட்டு முயலை மட்டுமே தின்று காலம் தள்ளியவர்கள் வயிறு நிறைய உண்டும் நோயுற்றுச் சோர்ந்தார்கள். இதை 'முயல் பட்டினி' என்றே அழைத்தனர். கொழுப்பும் மாவுச்சத்தும் இல்லாமல் புரதத்தை மட்டுமே உடல் தாங்காது என்பதுதான் காரணம். சோறோ களியோ சேர்த்து உண்ணும் நமக்கு இந்தப் பயம் வேண்டாம். ஆயினும் சமைக்கும்போது எண்ணெயோ தேங்காயோ சேர்ப்பது சுவைக்கு மட்டுமன்று என்பது இதனால் விளங்கும்.

எந்த முயல்?

நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் போன்ற இறைச்சி இனங்கள் நன்கு பராமரித்தால் சுமார் மூன்று மாதத்தில் 2 கிலோ எடையை எட்டும். கறிக்கு இதுவே ஏற்ற பருவம். உயிர் எடையில் ஏறக்குறையப் பாதி கறியாகக் கிடைக்கும். ஒரு குடும்பத்தின் ஒரு வேளைக்கு இது போதும். மீதியை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியதில்லை. ஆட்டில் இந்த வசதி கிடையாது.

வயலில் ஓடும் காட்டு முயல் வேறு. அதைப் பிடிப்பதும் கொல்வதும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கூண்டில் வளர்த்ததை மட்டுமே உண்ணுங்கள்.

அறுப்பதற்கு முந்தைய இரவு தீவனத்தை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வையுங்கள். குடல் காலியாக இருந்தால் கறி அசுத்தமாகாது. மருந்து கொடுத்த முயலானால், எத்தனை நாள் கழித்து உண்ணலாம் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். நோயுற்றதையும், தானாக இறந்ததையும் சமைக்கலாகாது.

வயிற்றைத் திறந்ததும் ஈரலைப் பாருங்கள். நல்ல ஈரல் கருஞ்சிவப்பாக, வழவழப்பாக இருக்கும். அதில் வெண்புள்ளிகளோ கட்டிகளோ இருந்தால் பெரும்பாலும் இரத்தக் கழிச்சல் வகை நோயின் அடையாளம். அந்த ஈரலைப் புதைத்துவிட்டு, கூண்டின் சுத்தத்தைக் கவனியுங்கள். குடலை ஒட்டிப் பட்டாணி போன்ற நீர்க்கொப்புளங்கள் தெரிந்தால் அவை நாயின் நாடாப்புழுவினுடைய இளம் பருவம். அந்தக் குடலை நாய்க்கு எறிந்தால் புழு மறுபடி நாய்க்குப் போய், அதன் சாணத்தால் புல்லுக்கு வந்து, மீண்டும் முயலுக்கே வரும். பித்தப்பையைக் கிழிக்காமல் எடுக்க வேண்டும் என்பது உங்கள் வீட்டில் கோழி அறுப்பவருக்குத் தெரிந்ததே.

வெட்டும் முறை

இங்கேதான் நான் தவறினேன். முயலின் எலும்பு மெல்லியது. கொத்தினால் ஊசி ஊசியாகச் சிதறும். ஆகவே கூரிய சிறு கத்தியால் மூட்டுகளில் மட்டும் பிரியுங்கள். முன்னங்கால்கள் உடலோடு எலும்பால் பிணைக்கப்படவில்லை. தசையை அறுத்தாலே கழன்று வரும். பின்னங்கால்களை இடுப்பு மூட்டில் திருப்பி அறுக்கலாம். முதுகுத் தண்டை இரு எலும்புகளுக்கு இடையே கத்தி வைத்து மூன்று துண்டாக்குங்கள். சதை அதிகம் இருப்பது பின்னங்காலிலும் முதுகிலும்தான். சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பை நீக்கினால், பலர் குறை கூறும் வாடை பெரும்பாலும் போய்விடும்.

குளிர்பதனப் பெட்டி உள்ளவர்கள் ஓர் இரவு வைத்துச் சமைத்தால் கறி மென்மையாகும். இல்லாதவர்கள் தயிர், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது சேர்த்துப் பிசறி, ஒரு மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். நம் வெயிலில் அதற்குமேல் வெளியே வைத்தல் நல்லதன்று.

குழம்பு

1 கிலோ கறிக்கு 4 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் காய வைத்து, சோம்பு, கறிவேப்பிலை தாளித்து, கால் கிலோ சின்ன வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கவும். இரண்டு தக்காளி சேர்த்துக் குழைந்ததும் பிசறிய கறியைப் போட்டு ஐந்து நிமிடம் மட்டும் புரட்டவும். அதற்குமேல் வறுக்க வேண்டாம். கொழுப்பில்லாத கறியில் நீர் வற்றினால் இறுகிவிடும். மல்லித்தூள், மிளகாய்த்தூள், கறி மூழ்கும் அளவு நீர் சேர்த்து மூடி, இளந்தணலில் வேகவிடவும். இளம் முயல் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். எலும்பை ஒட்டிய சதையில் சிவப்புச் சாறு தெரியக் கூடாது. சதை எலும்பிலிருந்து எளிதில் கழல வேண்டும். இறக்குமுன் அரை மூடித் தேங்காயை மிளகு, சீரகத்தோடு அரைத்து ஊற்றி ஒரு கொதி விடவும்.

வறுவல் வேண்டுவோர் இதே போல வேகவைத்த பிறகு நீரை வற்றவிட்டுப் பிரட்டலாம். பச்சைக் கறியை நேரே வறுத்தால் என் கதைதான்.

கழித்த தாய் முயலும் கிழ முயலும் குழம்புக்கு உகந்தவை அல்ல. அவற்றைத் தட்டிய மிளகு, பூண்டு, சின்ன வெங்காயத்தோடு பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் வேகவைத்து, சாற்றை வடித்துச் சூப்பாகக் குடிக்கலாம். சதையை உதிர்த்து, எலும்புச் சில்லு ஒன்றுகூட இல்லை என்பதைக் கைவிரலால் தடவிப் பார்த்த பிறகே குழந்தைகளுக்குச் சோற்றில் பிசைந்து கொடுங்கள்.