ஒரே வி-8, இரண்டு குரல்

கேள்வி: பழைய பந்தயக் கார் வீடியோக்களை விடாமல் பார்ப்பவன் நான். அமெரிக்க வி-8 கார் தடதடவென்று உறுமுகிறது. 1967-ஆம் ஆண்டு லோட்டஸ் 49-இன் வி-8 வீறிட்டு அலறுகிறது. இரண்டிலும் எட்டு சிலிண்டர்தான். 'ஃப்ளாட் பிளேன் கிராங்க்தான் காரணம்' என்கிறார் என் மெக்கானிக் நண்பர். அது அவ்வளவு உசத்தி என்றால், எல்லா வி-8 காரிலும் ஏன் போடவில்லை?

பதில்: நண்பர் சொல்வது சரிதான். லோட்டஸின் என்ஜின் நிமிஷத்துக்கு 9,000 சுற்றுவரை ஓடியது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பந்தயக்காரர்கள் அந்தக் கிராங்க்கைத் தேடிப் போனது சத்தத்துக்காக அல்ல, புகைக்குழாய்களுக்காக.

சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டுப் பெடல்களைப் பாருங்கள். ஒன்று மேலே என்றால் மற்றது நேர் கீழே. ஃப்ளாட் பிளேன் கிராங்க்கில் பிஸ்டன்களின் ராடுகள் மாட்டும் நான்கு பின்களும் அப்படித்தான்: இரண்டு மேலே, இரண்டு கீழே. அமெரிக்க வி-8-இல் இருக்கும் கிராஸ் பிளேன் கிராங்க்கை முன்னாலிருந்து பார்த்தால் கூட்டல் குறி தெரியும்.

இரண்டு வகையிலும் 90 டிகிரிக்கு ஒரு சிலிண்டர் எரிகிறது. எந்தப் பக்கத்தில் எரிகிறது என்பதில்தான் வித்தியாசம். ஃப்ளாட்டில் இடது, வலது, இடது, வலது என்று முறை தவறாது. கிராஸில் சில சமயம் ஒரே பக்கத்துக்கு அடுத்தடுத்து இரண்டு முறை வந்துவிடும். அந்தத் தாளப் பிசகுதான் உங்கள் காதில் விழும் உறுமல்.

புகை வெளியேறும்போது குழாயில் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. குழாய்கள் ஒன்றுசேரும் இடத்தைத் தொட்டதும் அதன் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாகத் திரும்பி வரும். வால்வு மூடுவதற்குள் வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை இழுத்துவிட்டுப் புதுக் கலவைக்கு இடம் பண்ணும். ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களும் சம இடைவெளியில் ஊதினால்தான் இந்தக் கணக்கு ஒழுங்காக நடக்கும்.

கவென்ட்ரி கிளைமாக்ஸ் என்ற என்ஜின் கம்பெனி 1961-இல் கொண்டுவந்த 1.5 லிட்டர் வி-8 கிராஸ் பிளேன். கணக்கு நேராக, இந்தப் பக்கத்துக் குழாயை அந்தப் பக்கத்துக்குக் கடத்தி முடிச்சுப் போட வேண்டியிருந்தது. காரின் பின்புறம் இடியாப்பம். 1963-இல் ஃப்ளாட் கிராங்க் வந்ததும் அந்தந்தப் பக்கத்துக் குழாய் அந்தந்தப் பக்கத்தோடு நின்றது. அந்த வருஷம் ஜிம் கிளார்க் அந்த என்ஜினோடு உலக சாம்பியன். (கிளார்க்குக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தது குழாய்தான் என்று சொல்ல எனக்கு வாய் வராது.) ஃபோர்டு ஜி.டி.40 மாற்று வழியில் போனது: கிராஸ் கிராங்க்கையே வைத்துக்கொண்டு குழாய்களைப் பாம்புக் கூட்டமாக முறுக்கியது.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. பிஸ்டன், பயணத்தின் மேல்பாதியைக் கீழ்ப்பாதியைவிட வேகமாகக் கடக்கிறது. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் சாய்வு அப்படி. அதனால் எழும் அதிர்வு கிராஸ் பிளேனில் தானே அடங்கிவிடும். ஃப்ளாட்டில் அடங்காது, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறை என்ஜினைப் பக்கவாட்டில் உலுக்கும். பிஸ்டன் எடையும் ஸ்ட்ரோக்கும் ஏற ஏற உலுக்கலும் ஏறும். கிளைமாக்ஸின் குட்டிப் பிஸ்டன்களுக்கு அது பொருட்டல்ல. லோட்டஸ் 49-இன் 3 லிட்டர் காஸ்வொர்த் டி.எஃப்.வி. என்ஜினும் சமாளித்தது; ஸான்ட்ஃபோர்ட்டில் முதல் பந்தயத்திலேயே கிளார்க் ஜெயித்தார். அதே என்ஜினை நெடுந்தூரப் பந்தயத்துக்காக 3.9 லிட்டராகப் பெரிதாக்கியபோது அதிர்வு தீராத தலைவலியானது.

காசு கொடுத்துக் கார் வாங்குபவர் இதைப் பொறுப்பாரா? காடிலாக் 1914-இல் விற்பனைக்கு விட்ட வி-8 ஃப்ளாட் பிளேன்தான், அதுவும் 5 லிட்டருக்கு மேல். 1923-இல் அந்தக் கம்பெனியே கிராஸ் பிளேனுக்கு மாறிவிட்டது.

அடுத்த முறை லோட்டஸ் 49 வீடியோ ஓடும்போது ஒலியைக் குறைத்துவிட்டு காரின் பின்பக்கத்தைப் பாருங்கள். பக்கத்துக்கு நான்கு குழாய் ஒன்றாகி, கடைசியில் இரண்டே வாய். ஒன்றுக்கொன்று தொடர்பே இருக்காது.