மூன்று ஆண்டை எங்கே செலவிடுவது?

விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரியில் படிப்பை முடித்து ஊர் திரும்பும் கள்ளக்குறிச்சிப் பிள்ளைகள் முதலில் விசாரிப்பது சிவில் நீதிபதித் தேர்வைத்தான். காரணம் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் ஜவ்வாது மலையைச் சேர்ந்த ஸ்ரீபதி, 23 வயதில் அந்தத் தேர்வில் வென்றார். நம் கல்வராயன் மலையில் வாழும் அதே மலையாளிப் பழங்குடியைச் சேர்ந்தவர். ஆனால் படித்த கையோடு தேர்வெழுதும் வழி இன்று இல்லை. 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று தீர்ப்பளித்துவிட்டது. எனவே எந்தத் தேர்வு என்பதைவிட, அந்த மூன்று ஆண்டை எங்கே செலவிடுவது என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும்.

தாமதிக்காமல் பார் கவுன்சிலில் பதிந்துவிடுங்கள். தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அனுபவம் கணக்கில் வரும். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய்தான். இதற்கு மேல் வசூலிக்கக் கூடாதென்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முத்திரைக் கட்டணம் தனி.

என் முதல் பரிந்துரை, சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டத்தின் உதவி வழக்கறிஞர் பணி. தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் 2022-இல் வகுத்த திட்டம் இது. பூஜ்யம் முதல் மூன்று ஆண்டு அனுபவம் உள்ளவர்களுக்கென்றே உள்ள இடம். முதலில் இரண்டு ஆண்டு ஒப்பந்தம், மாத மதிப்பூதியம். சொந்தமாக வழக்கு எடுக்க முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலையை மதிப்பிடுவார்கள். வக்கீல் வைக்க வசதியில்லாமல் சிறையில் இருப்பவருக்காக ஜாமீன் மனு போடுவதும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதும் இங்கே முதல் ஆண்டிலேயே கைக்கு வரும். சீனியரிடம் சேர்ந்து வாய்தா வாங்கிக்கொண்டே பழகுபவருக்கு அது எளிதில் கிடைக்காது. சாராய வழக்கிலும் வனத்துறை வழக்கிலும் மலைமக்கள் சிக்கித் தவிக்கும் நம் மாவட்டத்தில், அவர்கள் பேச்சு புரிந்த ஒருவர் அந்த இடத்தில் இருப்பது பெரிய காரியம்.

உச்ச நீதிமன்றச் சட்ட எழுத்தர் பணி வருமானத்தில் உயர்ந்தது. 2025 அறிவிப்பில் மாதம் 80,000 ரூபாய். ஒப்பந்தப் பணிதான், ஆனால் அந்த அனுபவமும் மூன்று ஆண்டுக் கணக்கில் சேரும். ஆங்கிலத்தில் தெளிவாக எழுத வருபவர்கள் கட்டாயம் முயலலாம்.

ராணுவத்தின் சட்டப் பிரிவான ஜாக் பிரிவுக்கு வயதுதான் கெடு: 21 முதல் 27 வரை. சட்டப் படிப்பில் 55 சதவீதம், கிளாட் முதுநிலை மதிப்பெண், அதன்பின் எஸ்.எஸ்.பி. நேர்காணல். பயிற்சி சென்னை பரங்கிமலையில். இதில் ஆசை இருந்தால் மற்றதெல்லாம் பிறகு.

டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் அரசு உதவி வழக்கறிஞர் (ஏ.பி.பி.) தேர்வுக்குக் குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்து ஆண்டு வேண்டும். புதியவருக்கு அது இப்போதைக்கு இல்லை. சட்ட உதவிப் பணியில் பழகும் குற்றவியல் வேலை பின்னால் அதற்கும் கைகொடுக்கும்.

வீட்டு நிலைமையால் குரூப்-4 வேலைக்குப் போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் வழக்கறிஞர் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும், மூன்று ஆண்டுக் கணக்கும் நின்றுபோகும். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். சீனியரிடம் சேர்பவர்கள் ஊக்கத்தொகையைக் கேட்கத் தயங்க வேண்டாம்: பெருநகரங்களுக்கு வெளியே மாதம் 15,000 என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் வரையறுத்தது.

எங்கே சேர்ந்தாலும் வக்காலத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும். ஆஜரான வழக்கின் எண், தேதி, நீதிமன்றம் மூன்றையும் அன்றன்றே டைரியில் குறியுங்கள். உங்கள் மூன்று ஆண்டு அனுபவத்துக்குப் பத்து ஆண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தரும் சான்றில் மாவட்ட முதன்மை நீதிபதி மேலொப்பமிட வேண்டும். அந்த நேரத்தில் பேசப்போவது அந்த டைரிதான். மலையிலிருந்து வருபவர்கள் பழங்குடிச் சாதிச் சான்றை அறிவிப்பு வரும்வரை விட்டுவைக்காமல், இப்போதே வருவாய்த் துறையில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள்.