எந்த மாதம், எந்தக் கரை?

மே நடுவில் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டால் ஜூன் முடியும்வரை தில்லிப் பிள்ளைகளுக்கு வீடுதான். வெயில் 45 டிகிரியைத் தொடும் அந்த ஆறு வாரத்தில் தலைநகரத் தமிழ்க் குடும்பங்கள் ஊருக்குக் கிளம்பும். போகிற போக்கில் இரண்டு நாள் கடற்கரையையும் சேர்த்துக்கொள்ளும். அலையையே பார்க்காமல் வளரும் பிள்ளைகளுக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்ற ஆசை இந்த மாதம் வந்த எல்லாக் கடிதங்களிலும் இருக்கிறது.

ஜூன் இரண்டாம் வாரம் கோவாவுக்கு டிக்கெட் போட்டுவிட்டோம். பிள்ளைகளுக்கு மூன்று வயதும் எட்டு வயதும். குளிக்கச் சுத்தமான பீச் எது?
— வாசகி, ஆர்.கே.புரம்

அந்த வாரத்தில் கோவாவில் குளிக்கத் தகுந்த கரை எதுவும் இல்லை. தென்மேற்குப் பருவமழை ஜூன் 1 வாக்கில் கேரளத்தைத் தொடும். சில நாட்களில் கோவாவுக்கு வந்துவிடும். செப்டம்பர் வரை அரபிக்கடல் கொந்தளித்துக்கொண்டுதான் இருக்கும். உயிர்காப்பாளர்கள் சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள். கலங்கூட் ஆனாலும் பலோலெம் ஆனாலும் நிலைமை ஒன்றுதான். டிக்கெட்டை ரத்து செய்ய முடியாதென்றால் மழையைப் பாருங்கள், பழைய கோவாவின் தேவாலயங்களைப் பாருங்கள். பிள்ளைகளை அலையில் இறக்க வேண்டாம்.

எல்லோரும் முதலில் ஹோட்டலைப் பார்க்கிறார்கள், அடுத்து படங்களைப் பார்க்கிறார்கள். மாதத்தை யாருமே பார்ப்பதில்லை. கோடை விடுமுறை என்றால் கிழக்குக் கரை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தமிழகக் கரையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் இருக்கும். ஆகவே தீபாவளி விடுமுறைக்கு, பெரிய மழை ஓய்ந்த மேற்குக் கரை. ஜனவரியில் தில்லி குளிரில் நடுங்கும்போது கர்நாடகத்தின் படுபித்ரியும் ஹொன்னாவர் பக்கத்துக் காசர்கோடும், வாஸ்கோ ட காமா 1498-ல் வந்திறங்கிய கேரளத்தின் காப்பாடும் குடும்பத்தோடு போக அருமையான இடங்கள். நிஜாமுத்தீனில் மங்களா லட்சத்தீவு எக்ஸ்பிரஸ் ஏறினால் அது உடுப்பி, கோழிக்கோடு வழியாகத்தான் போகிறது.

நீலக்கொடி வாங்கிய கோவளத்துக்குப் போகத் திருவனந்தபுரத்துக்கு விமானம் பார்க்கிறோம். சரிதானே?
— வாசகர், மயூர் விஹார்

இல்லை. கொடி வாங்கியது செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சுமார் 40 கி.மீ. சென்னைக்கு டிக்கெட் எடுங்கள்.

நீலக்கொடி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாமா?
— வாசகி, கரோல் பாக்

போகலாம், கண்ணைத் திறந்துகொண்டு. நீலக்கொடியைத் தருவது டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருக்கும் சுற்றுச்சூழல் கல்வி அறக்கட்டளை. தண்ணீரின் தரம், குப்பை மேலாண்மை, பாதுகாப்பு என்று 33 அளவுகோல்களை வைத்துப் பார்ப்பார்கள். இந்தியாவில் 2020 அக்டோபரில் எட்டுக் கரைகளுக்கு முதன்முதலாகக் கிடைத்தது. 2021-ல் தமிழகத்தின் கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் சேர்ந்தன. 2022-ல் லட்சத்தீவில் மினிக்காய் துண்டியும் கட்மத்தும் வந்தன.

ஆனால் ஒருமுறை வாங்கிய கொடி காலத்துக்கும் நிலைப்பதில்லை. வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். விசாகப்பட்டினத்தின் ருஷிகொண்டா பராமரிப்புக் குறைகளால் 2025-ல் சிறிது காலம் கொடியை இழந்து திரும்பப் பெற்றது. இன்னொன்று, கொடி கடற்கரை முழுவதற்கும் கிடையாது, எல்லை குறித்த ஒரு பகுதிக்கு மட்டும். அந்த எல்லையைத் தாண்டி நூறடி நடந்தால் உயிர்காப்பாளரும் இல்லை, உடை மாற்றும் அறையும் இல்லை.

மணல் பளிச்சென்று இருந்தால் தண்ணீரும் சுத்தம் என்று நினைப்பது பெரிய தவறு. தில்லியின் காற்று மாசு அளவைத் தினமும் சொல்லும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்தான் கடல் குளியலுக்கும் அளவு வைத்திருக்கிறது: 100 மில்லி நீரில் மலக் கோலிஃபார்ம் கிருமி எண்ணிக்கை 100-ஐத் தாண்டக் கூடாது. கண்ணுக்கு இது தெரியாது. பெரிய மழை பெய்த மறுநாளும், ஆறோ சாக்கடையோ கடலில் கலக்கும் முகத்துவாரத்துக்கு அருகிலும் பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள். சென்னையில் அடையாறு, கூவம் முகத்துவாரங்களுக்கு இது முழுக்கப் பொருந்தும்.

என் கணவர் நன்றாக நீந்துவார். போன வருடம் இடுப்பளவு தண்ணீரில் நின்றதற்கே உயிர்காப்பாளர் விசில் ஊதிக் கரையேற்றிவிட்டார். கடல் அமைதியாகத்தான் இருந்தது. இவ்வளவு கெடுபிடி தேவையா?
— வாசகி, ஜனக்புரி

தேவை. அந்த உயிர்காப்பாளருக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

கடலில் அமைதியாகத் தெரியும் இடம்தான் பல சமயம் ஆபத்தான இடம். கரையில் நின்று ஐந்து நிமிடம் பாருங்கள். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டையில் மட்டும் அலை உடையாது. அங்கே தண்ணீர் சற்றுக் கருத்திருக்கும். அல்லது மணலைக் கிளறிக் கலங்கியிருக்கும். நுரையும் சருகும் கரைக்கு வராமல் உள்ளே போய்க்கொண்டிருக்கும். கரையில் வந்து குவிந்த நீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்புகிறது. ஊர்க்காரர்கள் இதை நீரோட்டம், இழுப்பு என்பார்கள். ‘அங்கே அலை இல்லை, பிள்ளைகளுக்கு நல்லது’ என்று விஷயம் தெரியாதவர்கள் சரியாக அந்தப் பட்டையில் போய் இறங்குகிறார்கள். நீச்சல் குளத்தில் கற்ற நீச்சல் அங்கே எடுபடாது. இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்து மூழ்குவார். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும்; முடியாவிட்டால் மல்லாந்து மிதந்து கையை உயர்த்திக் காட்ட வேண்டும்.

கள்ளக்கடல் இன்னும் மோசம். இது கேரள மீனவர்கள் வைத்த பெயர். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கும் பெருங்காற்றில் எழும் நீண்ட அலைகள் பல ஆயிரம் கி.மீ. கடந்து நம் கரைக்கு வரும். இங்கே காற்று இருக்காது, மழை இருக்காது, வானம் நிர்மலமாக இருக்கும். கடல் மட்டும் திடீரென்று ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் இது அதிகம். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போயிற்று. நண்பர் வீட்டுத் திருமணத்துக்கு வந்த இளம் பிள்ளைகள். கள்ளக்கடல் எச்சரிக்கை முன்னதாகவே வெளியாகியிருந்தது. வெளியிட்டது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் சேவை மையம். அலையும் நீரோட்டமும் எப்படி இருக்கும் என்று அது தினமும் இலவசமாகச் சொல்கிறது. ஹோட்டல் காலை உணவில் என்ன தருகிறது என்று விசாரிக்கும் குடும்பங்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகள் இரண்டுக்கு நடுவே மட்டும் குளியுங்கள். தனிச் சிவப்பு என்றால் கால்கூட நனைக்காதீர்கள். காற்றடைத்த டியூப் வேண்டவே வேண்டாம். கரைக்காற்று அதைப் பிள்ளையோடு தள்ளிக்கொண்டு போய்விடும். பெரியவர்களில் ஒருவர் செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டுப் பிள்ளைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ‘எல்லோரும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்’ என்ற வீடுகளில்தான் பிள்ளைகள் தொலைந்திருக்கிறார்கள்.

குழந்தையைச் சொறிமுட்டை கடித்தால்?
— வாசகர், முனீர்கா

தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள். கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளை இடுக்கியால் எடுங்கள். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் வைத்தால் வலி குறையும். மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி.

மாமியாருக்கு 78 வயது, சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். கடலைக் கிட்டத்தில் பார்த்து வெகு காலமாயிற்று என்று ஏங்குகிறார். மணலில் நாற்காலி போகுமா?
— வாசகி, சரோஜினி நகர்

கட்டாயம் அழைத்துப் போங்கள். சென்னை மெரினாவில் அலைக்கு அருகே வரை நாற்காலி போவதற்கு மரப்பாதை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் பல ஆண்டுகள் கேட்டுப் பெற்றது. 2022 நவம்பரில் திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்த, மறுபடி சரிசெய்தார்கள். வார நாளில், வெயில் தாழ்ந்த பிறகு போங்கள். ஞாயிறு கூட்டத்தில் அவருக்குக் கடலே தெரியாது. மெரினாவில் யாரும் குளிக்க வேண்டாம். அங்கே கரை சட்டென்று ஆழமாகும், இழுப்பும் அதிகம்.

தில்லி துவாரகாவில் இருக்கிறோம். குஜராத் துவாரகைக்குக் கோயிலுக்குப் போகும்போது கடல் பார்க்கலாமா?
— வாசகர், துவாரகா

சிவராஜ்பூர். துவாரகையிலிருந்து சுமார் 12 கி.மீ. நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள்.

மே கடைசியில் ராமேஸ்வரம் போகிறோம். பிள்ளைகள் தனுஷ்கோடியில் குளிக்க வேண்டும் என்கிறார்கள்.
— வாசகி, லட்சுமிபாய் நகர்

ராமேஸ்வரத்துக்காரர்கள் வடக்கே இருக்கும் பாக் நீரிணையைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். மே, ஜூனில் காற்று தென்மேற்கிலிருந்து வருவதால் தெற்குப் பக்கம் சீறும், வடக்குப் பக்கம் குளம்போலக் கிடக்கும். அந்த வடக்குக் கரையில், உச்சிப்புளிப் பக்கம் அரியமான் இருக்கிறது. சவுக்குத் தோப்பு நிழல், ஆழமில்லாத தண்ணீர், சிறிய அலை. கோடை விடுமுறைக்குச் சின்னப் பிள்ளைகளோடு வரும் தில்லிக் குடும்பத்துக்குத் தமிழகத்தில் இதைவிடப் பொருத்தமான கரை இல்லை. கோயிலுக்குப் போகும் வழியில் அரை நாள் ஒதுக்கினால் போதும்.

தனுஷ்கோடிக்கும் போங்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் தேவாலயச் சுவரையும் ரயில் நிலைய இடிபாட்டையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும். ஆனால் இரண்டு கடலும் சேரும் அரிச்சல்முனையில் குளிக்கத் தடை இருக்கிறது. பார்த்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுங்கள்.